லேமினேட் செய்த பத்துப் பங்குகள்

வாசலில் உள்ள கம்பெனிப் பெயர்ப்பலகையை ஈரத்துணியால் துடைப்பது என்று எங்கள் நிர்வாகம் சென்ற செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தது. எதிர்ப்பு எழவில்லை. வாளி, துணி, ஏணி ஆகியவை முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. வெல்டர் ஏழுமலை பாதிப் பலகையைத் துடைத்திருந்தபோது வண்ணாரப்பேட்டையிலிருந்து போன் வந்தது. சுலைமான் பாய் காலமாகிவிட்டார். பகல் தொழுகை முடித்துப் படுத்தவர் எழவில்லை என்றார் மகள். ஏழுமலை இறங்கி, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பாயை அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: திருவொற்றியூரில் கன்டெய்னர் பழுதுபார்க்கும் எங்கள் கம்பெனியில் போன ஆண்டுவரை அவர் ஸ்டோர் கீப்பர். "பழ்சு கைக்கு வராம புச்சு போவாது" என்பது அவர் சட்டம். ஒருவன் பழைய போல்ட் கடலில் விழுந்துவிட்டது என்றான். "எந்த எடத்துல மாமு? வா, காட்டு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் பாய். பழைய போல்ட் அவன் பையிலேயே கிடைத்தது.

கம்பெனியைத் தொடங்கிய முதலாளி, முதலில் சேர்ந்த ஏழு பேருக்கும் ஆளுக்குப் பத்துப் பங்கு கொடுத்திருந்தார். வெள்ளம் வந்த ஆண்டு எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள் புகுந்ததும் பாய் பயந்துபோனார். ரேஷன் கார்டோடு, எல்லோரும் அவரிடம் கொடுத்து வைத்திருந்த ஏழு பங்குப் பத்திரங்களையும் ராயபுரத்துக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிட்டார். பங்கை மாற்றிக் கொடுக்கும்போது பத்திரத்தின் பின்பக்கத்தில் எழுத வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை.

பிறகு முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்து, கம்பெனியின் பதிவைச் சிங்கப்பூருக்கு மாற்ற விரும்பினார். "மாற்றம் காகிதத்தில் மட்டுமே" என்ற சுற்றறிக்கையை எழுதியவன் நான். ஷெட்டில் கூட்டம் நடந்தது.

"சிங்கப்பூரு யாரு நைனா போறது?" என்று கேட்டார் பாய்.

"யாரும் போகல பாய். இங்க இருக்கிற கம்பெனிய மூடிட்டு, அங்க புதுசா பதிவு பண்ணி, இத அதோட கிளையா நடத்துவோம்" என்றார் புது முதலாளி.

"ஷெட்டு?"

"இங்கதான்."

"கிரேனு?"

"இங்கதான் பாய்."

"ஏழுமல கண்ணு கேஸு?"

முதலாளி தண்ணீர் குடித்தார். வேலையின்போது ஏழுமலையின் வலது கண்ணில் இரும்புத் துகள் பாய்ந்திருந்தது. நஷ்டஈடு வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் இருந்தது. அறுவை சிகிச்சை அதற்காகக் காத்திருந்தது.

"மூடுன கம்பெனி மேல தீர்ப்பு வந்தா, அவன் எந்தக் கதவப் போயி தட்டுவான்?" என்றார் பாய்.

ஆனாலும் வேலை தொடங்கியது. முதலில் ஏழு பேரின் பங்குகளையும் சிங்கப்பூர்க் கம்பெனியின் பெயருக்கு மாற்ற வேண்டும்; பிளாஸ்டிக்கின்மேல் எழுத முடியாது. பத்திரம் தொலைந்துவிட்டதாக ஏழு பேரும் எழுதிக் கொடுத்தால் நகல் தரலாம் என்றார் வக்கீல். அந்த உறுதிமொழியை நான்தான் டைப் செய்தேன். நல்ல நடை. பாய் இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கைல கீதுப்பா. தொலஞ்சிச்சின்னு எப்டி எய்திக் குடுக்கறது? போல்ட்டுக்கே நான் ஒத்துக்கல."

மற்ற ஆறு பேரும் பாய் கையெழுத்துப் போட்டால் போடுவதாகச் சொன்னார்கள். முதலாளி மூன்று முறை அவர் வீட்டுக்குப் போனார். மூன்று முறையும் சமோசா கிடைத்தது.

அதற்குள் தீர்ப்பு வந்தது. கம்பெனி இருந்ததால் நஷ்டஈடு கொடுத்தது; ஏழுமலைக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. சிங்கப்பூர் பேச்சு தானாக நின்றது.

அடக்கத்தின்போது முதலாளி என் பக்கத்தில் நின்றார். "நல்லவேளை சார், பாய் கையெழுத்துப் போடல. போட்டிருந்தா ஏழுமலை மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். அந்த நிம்மதியில் எனக்கும் பங்கு உண்டு. சுற்றறிக்கை என்னுடையது.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் கையெழுத்துப் போடாத அந்த உறுதிமொழித் தாள். என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. என் எழுத்தைப் படித்தவர்களில் அது உண்மையா என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் ஏழுமலை மீதிப் பலகையையும் துடைத்தார். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு உரக்க வாசித்தார்: "பதிவு பெற்ற அலுவலகம், திருவொற்றியூர்."