மோட்டார் நிற்க வேண்டிய நொடி

திருவையாறு சாலையில் இருக்கும் எங்கள் கம்பெனியில் குளோரின் கரைசலைக் கேன்களில் நிரப்புவது ஆறு வருடமாக என் வேலை. சுவிட்சைப் போட்டால் பம்பு ஓடும். கேனின் கழுத்துக்கு வந்ததும் அணைக்க வேண்டும். கொஞ்சம் பராக்குப் பார்த்தால் தரையெல்லாம் கரைசல்தான். முதலாளிக்குப் போதும் போதுமென்றாகி, மோட்டார் தானே ஓடித் தானே நிற்கும்படி செய்ய கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்.

இரண்டு நாள் வேலை என்றுதான் வந்தார். அதிகம் பேசாத மனிதர், மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கண்ட்ரோல் பெட்டிக்குள் தலையை விட்டபடியே இருந்தார். என் வாயோ ஊரறிந்தது. "அந்தப் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்து நாலு வயதில் இதென்ன கூத்து என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கேன் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று தெரிந்தால்தான் மோட்டார் நிற்கும் நேரத்தைப் பெட்டியில் பதிய முடியும். பெட்டி இருந்ததோ சுவருக்கு அந்தப் பக்கம். "பம்பை ஓட விட்டுச் சத்தமா எண்ணுங்க. ஒண்ணுன்னதும் நான் போன்ல நேரத்தை அமுக்கி ஓட விடறேன், நிரம்பிருச்சுன்னதும் நிறுத்திக்கறேன்" என்றார். எண்ணினேன். மறுநாள் எல்லாக் கேன்களும் கழுத்துக்கு மூன்று விரற்கடை கீழேயே நின்றுவிட்டன. ஒயரைக் கழற்றிப் பார்த்தார், பம்பைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் அதே குறை. இரண்டு நாள் நாலு நாளாயிற்று.

அந்த நாட்களில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லிக் கொடுத்தார். "நாளைக்கு நான் இல்லைன்னாலும் நீங்களே பாத்துக்கலாமுங்க" என்றார். யார் கேட்டது இதை? அவர் பேசிக்கொண்டிருப்பாரே என்றுதான் கற்றுக்கொண்டேன்.

நாலாம் நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனுங்க, எண்ண ஆரம்பிக்கறப்ப எதுக்கு லாபம்னு சொல்றீங்க? சாமி கும்பிடறீங்களா?"

"ஒண்ணைத்தாங்க அப்படிச் சொல்றேன். எங்கப்பா களத்துல நெல் அளந்தவரு. முதல் மரக்காலை யாராவது ஒண்ணும்பாங்களா? லாபம், ரெண்டு, மூணு, அப்படித்தான்."

ஒண்ணு வரும் வரும் என்று காத்திருந்து, ரெண்டு காதில் விழுந்த பிறகுதான் பதறிப்போய் அமுக்கியிருக்கிறார் மனுஷன்! அந்த நேரம்தான் ஒவ்வொரு கேனிலும் குறைந்திருக்கிறது. தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே ஐயோ என்றிருந்தது. தப்பு பிடிபட்டுவிட்டது, இனி எதற்கு இருப்பார்? சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். கல்யாணம் ஆனவரா என்றுகூட நான் கேட்கவில்லை. வாயாடி என்று பேர் மட்டும்தான்.

இப்போது ஒரு சொட்டுச் சிந்தாமல் கேன்கள் நிரம்புகின்றன. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவரை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒவ்வொரு நாளும்.

போன மாதம் மோட்டார் நின்றது. எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். தொடவில்லை. அவரைக் கூப்பிட்டேன்.

"மோட்டார் நின்னு போச்சுங்க. எனக்குப் புரியலை. நீங்க ஒரு நடை வந்தாத்தான் ஆகும்."

"பெட்டியில என்ன எழுத்து காட்டுதுங்க?"

சொன்னேன்.

"சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பிடிங்க."

பிடித்தேன். உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. பாழாய்ப்போன மோட்டார், ஒரே ஒரு நாள் நின்று தொலைத்திருக்கக் கூடாதா!

"ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

"வேற ஏதாச்சுமுங்களா?"

ஒரு கேன் நிரம்பி நகர்ந்தது. அடுத்ததும் நிரம்பியது. அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

"இல்லைங்க, அவ்வளவுதான்" என்றேன்.