பப்ளி என்றால் என்ன, மிஸ்?

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிற தொழிலில் இலக்கணத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். சின்னச் சின்ன வார்த்தைகள்தான் ஆளைக் கவிழ்த்துவிடும். சிவகாசியில் லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் வகுப்பு நடத்துகிறேன். கீழே மெஷின் ஓட, மேலே தொண்டை வறளக் கத்துகிற என் பாடு, இதே தொழிலில் இருக்கிற உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

மாப்பிள்ளையின் அம்மா

விருதுநகரிலிருந்து எண்ணெய் வியாபாரம் செய்யும் வீட்டு அம்மா ஒருவர் வந்தார். மகனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் பயோடேட்டாவில் 'பப்ளி' (bubbly) என்று போட்டிருந்ததாம். அவசரத்தில் டிக்‌ஷனரியைத் திறந்து, "குமிழிகள் நிறைந்தது" என்று படித்துவிட்டேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "முகத்துல மட்டுமா மிஸ், உடம்பு பூராவுமா?"

வாழ்த்துச் செய்தி

முருகேசனுக்குப் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் லோடு அனுப்புகிற வேலை. மனைவி செல்வி, கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். தானும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்றுதான் என்னிடம் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகும் கிளம்பாமல் நின்று, போனை நீட்டினார். அயர்லாந்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் செல்விக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. 'எங்கள் பப்ளி செல்விக்கு.' கூடவே ஒரு படம்.

இந்தத் தடவை நான் டிக்‌ஷனரியைத் தொடவில்லை. "கலர் பாட்டிலத் திறந்ததும் நுரைச்சுப் பொங்குமே, அந்த மாதிரி ஆளு. சிரிப்பும் பேச்சுமா கலகலன்னு இருக்கிறவங்க" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் செல்வி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல அவ சத்தமாப் பேசிக்கூட நான் கேட்டதில்ல மிஸ்."

போனில் கேட்ட கேள்வி

அதற்குப் பிறகு வகுப்பில் ஆள் இருந்தார், மனசு இல்லை. என்ன விஷயம் என்று நானே கேட்டேன். அங்கன சிரிக்கிற சிரிப்பை இங்கன ஏன் சிரிக்கவில்லை என்று செல்வியிடமே கேட்டுவிட்டாராம். அவள் சொன்ன பதிலை அப்படியே ஒப்பித்தார்: "உங்க வீட்டுல சிரிச்சா, என்னத்துக்குச் சிரிக்கேன்னு உங்கம்மா கேட்டாக. இங்க யாரும் கேக்கல."

லீவு

செல்வி லீவில் வருவதற்குள் முருகேசன் பக்கத்தில் ஆமத்தூரில் தனி வீடு பிடித்தார். வேலைக்குப் போக அங்கிருந்துதான் வசதி என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. ஏச்சு வாங்கிக்கொண்டே வெள்ளையடித்தார், அடுப்பு வாங்கினார், ஜன்னலுக்குத் திரை தைத்தார். எதைச் சொன்னாலும் "அவ வந்ததும்" என்றுதான் ஆரம்பிப்பார்.

வந்தாள். லீவு முடிந்து திரும்பியும் போனாள். சென்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு, ஊர் வந்த கையோடு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். சிரித்தாளா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை எனக்கு. முதலில் தூங்கித் தூங்கி எழுந்தாளாம். அப்புறம் ஒரு காலையில் இவர் காபி வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்க, அடுப்படித் தரையில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாளாம். நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்தான், ஆனாலும் நான் வருத்தப்படவில்லை. அங்கே வேலைக்குப் போக எழுதுகிற இங்கிலீஷ் பரீட்சையில் அவர் இன்னும் தேறவில்லை. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "முன்னாடியும் அவ ஊருல இல்லதான். ஆனா இப்பத்தான் மிஸ், வீடு அம்புட்டு அமைதியா இருக்கு."

பப்ளி என்ற வார்த்தைக்கு இப்போதெல்லாம் யார் கேட்டாலும் தடுமாறாமல் அர்த்தம் சொல்கிறேன். என்னை ஒருவர் அப்படிச் சொல்லித்தான் நான் இன்னும் கேட்டதில்லை.