மக்காச்சோளம் மட்டும் பிழைத்த நிலம்

களைக்கொல்லி அடிப்பதுதான் அவர் தொழில். முதுகில் பம்பு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் பம்புக்காரர் என்றே எல்லோரும் அழைத்தார்கள். மக்காச்சோளத்துக்கு அவர் அடித்தது அட்ரசின். டிரையசின் வகை மருந்து. மூன்று கரியணுவும் மூன்று நைட்ரஜன் அணுவும் மாறி மாறிக் கைகோத்த வளையம் என்று மருந்துக் கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டினாராம். பம்புக்காரர் மனதில் பதிந்தது வேறு. வேர் வழியாக அந்த மருந்து ஏறிவிட்டால், வெயிலைக் கொண்டு உணவு செய்ய இலையால் முடியாது. களை கருகிவிடும். மக்காச்சோளம் மட்டும் அதைத் தனக்குள்ளேயே முறித்துவிடும். பீன்ஸுக்கு அந்தச் சாமர்த்தியத்தைக் கடவுள் கொடுக்கவில்லை.

அவர் தம்பி இறந்ததும், குடும்ப நிலத்தில் பாதி தம்பி மனைவிக்கு என்று உறவுப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அடுத்த போகத்தில் அவள் தனியாகப் பயிர் எடுத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் நிலம் அண்ணனுக்கு. அப்போது நிலம் முழுக்க மக்காச்சோளம் முளைத்து நின்றது. அவள் பங்குக்கு வரப்போகும் பக்கத்தில் மட்டும் பம்புக்காரர் மருந்தை இரண்டு மடங்கு கலந்து அடித்தார். மக்காச்சோளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியவுமில்லை.

அறுவடை முடிந்ததும் அவள் வந்து கேட்டாள்.

"மாமா, பீன்ஸ் போடலாம்னு இருக்கேன். வருமா?"

"ஏன் வராது? தாராளமா போடும்மா. காய் பறிக்க ஆள் பத்தலைன்னா என்னைக் கூப்பிடு."

அவள் போனதும் அவர் மனைவி கேட்டாள்: "மருந்து மண்ணுலயே கிடக்குமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ வேணும்னா அவகூடவே போய் இருந்துக்கோ."

மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விதை நன்றாகவே முளைத்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தண்ணீர் பாய்ச்சினாள். இலை நாலு விட்டதும் கீழ் இலைகளின் ஓரம் மஞ்சளானது; பிறகு நெருப்பு தொட்டதுபோலக் கருகியது. பூச்சி என்று நினைத்துச் சாம்பல் தூவினாள். சாமியிடம் அழுதாள். கடைசியில் அவரிடமே ஓடினாள்.

"வந்து பாருங்க மாமா, எல்லாம் கருகுது."

வந்தார். ஒரு செடியைப் பிடுங்கி, நன்றாகப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"உன் கை ராசி அப்படிம்மா. என் தம்பியே தங்கல, செடியா தங்கும்?"

அதன்பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அதே மண்ணில் அவர் மக்காச்சோளம் விதைத்தார். ஆள் உயரத்துக்கு வளர்ந்தது.

"நல்ல மண்ணுதாங்க. பாக்குற கை வேணும்," என்று வருகிறவர்களிடம் சொன்னார்.

இதெல்லாம் அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடவுள் அவரைச் சும்மாவா விட்டார் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காரு," என்றாள். "சர்க்கரைகூட இல்ல."