யாளிப் பல்லும் குறுவை நெல்லும்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் முன்மண்டபத்தைச் சும்மா இருக்க யாரும் விட்டதில்லை. சோழர் காலத்தில் கூத்து நடத்தக் கட்டியது என்று கல்வெட்டுப் படிக்க வந்தவர் சொன்னார். மராட்டியர் ஆட்சியில் கோயில் நெல்லைக் கொட்டி வைத்தார்களாம். வெள்ளைக்காரன் காலத்தில் தாசில்தார் நாற்காலி போட்டு ஜமாபந்தி நடத்தினாராம். என் காலத்தில் அது மூன்றாம் வகுப்பு. பிறகு ரேஷன் கடை. ஆற்றில் உடைப்பு எடுத்த வருஷம் ஊர் மொத்தமும் ஆடு மாடுகளோடு அங்கேதான் படுத்து எழுந்தது. சாமி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இப்போதுதான் புராதனச் சின்னம் என்று நீலப் பலகை, இரும்புக் கதவு, பூட்டு எல்லாம் போட்டு அதற்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள்.

சாவி மண்டபத்துக் காவலரிடம். என்னோடு மூன்றாம் வகுப்பில் படித்தவர்தான். ஆனால் காக்கிச் சட்டை போட்டதிலிருந்து ஊரில் பாதிப் பேரை அவருக்கு அடையாளம் தெரிவதில்லை.

போன குறுவைக்கு, அறுத்த நெல்லைக் கோயில் வாசலில் கொட்டிக் காயவைத்திருந்தேன். குத்தகை நிலம். இந்த நெல் நனைந்து முளைத்துவிட்டால் சம்பாவுக்கு விதை வாங்கக்கூட வழியில்லை. மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கதவுக்கு ஓடினேன்.

"கொஞ்சம் திறப்பா. மழை வருது."

"போர்டைப் படிச்சியா? உள்ள எதுவும் வைக்கக் கூடாது."

"படிச்சேன். யாளிக்குப் பல்லு எப்படிப் போச்சுன்னும் அதுல எழுதச் சொல்லட்டுமா?"

எங்கள் பள்ளிக்கூட மணி ஒரு தண்டவாளத் துண்டு. யாளித் தூணில் தொங்கும். ஒருநாள் இவர் மணி அடித்தபோது யாளியின் முன்பல் கீழே விழுந்தது. வாத்தியார் இவர் தோலை உரித்துவிட்டார்.

அவர் தூணைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். நெல்லை அள்ளிப் போட்ட படுதாவின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவரே பிடித்து இழுத்தார். கடைசி நடை உள்ளே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

நெல் தப்பிய பிறகுதான் என் மனசாட்சி மெதுவாக விழித்துக்கொண்டது. வெட்கமாக இருந்தது.

"அந்தப் பல்லை உடைச்சது நீ இல்லப்பா," என்றேன். "அன்னைக்குக் காலையில யாருக்கும் தெரியாம மணி அடிக்கலாம்னு கம்பியை ஓங்கினேன். குறி தப்பி யாளி வாயில பட்டுடுச்சு. பயந்துபோய், தூக்குவாளிச் சோத்தைப் பிசைஞ்சு பல்லை ஒட்டி வச்சேன். நீ அடிச்சப்ப அது உதிர்ந்துடுச்சு."

அவர் நெல்லைக் காலால் துழாவிப் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"தெரியும். விழுந்த பல்லுல சோத்துப் பருக்கை ஒட்டியிருந்துச்சே."



"அப்ப எதுக்குக் கதவைத் திறந்த?"

"நெல்லு நனையுமுல்ல."