சிவப்பு விளக்கை அணைத்துவிட்டுக் காணைக்குப் போன வளைகாப்புப் பயணம்

கோட்டை, கோயில், ஏரி என்று எழுதிக்கொண்டிருந்தவன் இந்த முறை பிரேக் பற்றி எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. போன வெள்ளிக்கிழமை, ஒன்பது மாதக் கர்ப்பிணியான என் தங்கை செல்வியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, ஒரு கரும்பு டிராக்டருக்குள் காரை விட்டிருப்பேன். குடும்பத்தோடு கார் எடுத்துக் கிளம்புகிற யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கள் வீடு திண்டிவனம். செல்வி வாழப்போன ஊர் காணை. விழுப்புரம் வரை 38 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் பத்து. வளைகாப்பு முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண் வாசல்படி தாண்டியாக வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

காலை 6.30க்கு நானும் அம்மாவும் கிளம்பினோம். தெருமுனை திரும்பவில்லை, டேஷ்போர்டில் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் ரவியை எழுப்பிக் காட்டினேன். பானெட்டைத் திறந்தார், பிரேக் ஆயில் ஊற்றினார், உள்ளே கைவிட்டு ஏதோ செய்தார். விளக்கு அணைந்தது. பத்து நிமிட வேலை, 150 ரூபாய்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. புதுச் செருப்பு, அதனால்தான் அப்படி இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படியும் ஒரு மடையன் உண்டா? 8.15க்குக் காணை. வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஏழு வகைச் சாதமும் சாப்பிட்டு, 10.10க்கு செல்வியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

விழுப்புரத்துக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, முன்னால் போன கரும்பு டிராக்டர் சடாரென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. நான்கைந்து முறை குத்திக் குத்தி மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கரும்புத் தோகை முன் கண்ணாடியை உரச, வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தேன். செல்வி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை.

டிராக்டர்காரர் காட்டிய பட்டறையிலிருந்து சேவியர் என்ற மெக்கானிக் வந்தார். செல்வியையும் அம்மாவையும் பெட்டிக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் வண்டியைத் தொட்டார். அதற்கே அவரைக் கும்பிடலாம்.

“சார், ஸ்டார்ட் பண்ணி பெடலை மிதிச்சிக்கினே இருங்க. எடுக்காதீங்க.”

மிதித்தேன். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

“எறங்குதா? அப்ப ஆயில் எங்கனா லீக் ஆவுது. இல்லாட்டி மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும்.” நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். பின்னால் இடது சக்கரத்தில் விரல் நனைந்தது. “தோ, வீல் சிலிண்டர். பிரேக் லைனிங்கெல்லாம் ஆயில்ல ஊறிக் கெடக்குது.” பிறகு பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு ஒயர் தனியாகத் தொங்கியது.

“இத யாருங்க புடுங்கி வுட்டது? ஆயில் கொறஞ்சா லைட்டு எரியறதே இதாலதான்.”

எனக்குத் தலை சூடேறிவிட்டது. ரவிக்குப் போன் போட்டு, ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஆயில் தானா கொறையாது, எங்கியோ லீக் இருக்குது, ரெண்டு மணி நேரம் வண்டிய வுடுங்கன்னு சொன்னேனா இல்லியா? செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினு பொண்ண இட்டார போறது சகுனம் சரியில்லன்னு அம்மா பேஜார் பண்றாங்க, எப்படினா அணச்சி குடு, வழியில மறுபடி எரியக் கூடாது, சாயங்காலம் பாத்துக்கலாம்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

சொன்னேன். இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கை வரவில்லை. அவர் ஒயரைப் பிடுங்கியது தப்பு, தப்புதான். ஆனால் கேட்டு வாங்கியவன் நான்.

செல்வி பெஞ்சிலிருந்து கேட்டாள். “நீயாண்ணா அணைக்கச் சொன்ன?”

அவள் சேவியரிடம் ஒரு டாக்சி கூப்பிடச் சொன்னாள். 1,400 ரூபாய். நட்ட நடு ராகுகாலத்தில் அம்மாவும் அவளோடு ஏறிப் போனார்.

வீல் சிலிண்டர், பின் சக்கரம் இரண்டுக்கும் லைனிங், புது ஆயில், பிரேக் லைனில் புகுந்த காற்றை எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய். 1.40க்கு வேலை முடிந்தது. தனியாக ஓட்டி வந்தேன்.

கிளம்பும் முன் நீங்கள் செய்ய வேண்டியது, சேவியர் சொன்னபடி: இன்ஜின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இறங்கிக்கொண்டே போனால் வண்டியை எடுக்காதீர்கள். பஞ்சு மாதிரி அமுங்கி, குத்திக் குத்தி மிதிக்கும்போது மேலே வந்தால் லைனில் காற்று இருக்கலாம். கரகரவென்று இரும்பு உரசினால் பேட் தேய்ந்து தீர்ந்திருக்கும். மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரம் மட்டும் கொதித்துத் தீய்ந்த வாடை அடித்தால், அங்கே பிரேக் பிடித்தபடி விடாமல் இருக்கிறது. ஆயில் குறைந்தால் ஊற்றுவதோடு விடாதீர்கள், எங்கே போனது என்று கேளுங்கள். விளக்கு எரிந்தால் முகூர்த்தம் தவறினாலும் பரவாயில்லை, வண்டியை நிறுத்துங்கள்.

செல்விக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. ராத்திரியில் வலி வந்தால் கூப்பிட, அந்த டாக்சிக்காரரின் நம்பரைப் போனில் முதலில் வைத்திருக்கிறாள். நான் பக்கத்து அறையில்தான் படுக்கிறேன்.