அத்தர் கடை ரிஸ்மியின் பெயர்க்கல்

பள்ளியில் 2003இல் ஓ.எல். பரீட்சை எழுதிய எங்கள் பெட்ச்சில் உருப்பட்டவர்கள் நிறையப் பேர். அஸ்ஃபர் டொக்டர், இரண்டு பேர் கட்டாரில் என்ஜினியர், நான் கண்டியில் பேங்கில் இருக்கிறேன். ரிஸ்மி மட்டும் தொழில் மாற்றுவதையே தொழிலாக வைத்திருந்தான். கோழி வளர்த்தான், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்ததால் ஒன்றையும் விற்க மனம் வரவில்லை. திரீவீல் ஓட்டினான், பேச்சு சுவாரசியத்தில் குண்டசாலையில் இறங்க வேண்டியவர்களைத் திகன வரை கொண்டுபோய் விட்டான். கடைசியில் திகன டவுனில் 'ரிஸ்மி அத்தர் ஹவுஸ்' திறந்தான். அதுதான் நிலைத்தது. தன் பெயரைச் சொன்னாலே ஊருக்கு வாசம் வரும் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

பழைய மாணவர் என்றால் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் ஊரில் 'ஏதாவது' என்றால் தண்ணீர் பில்டர். ஒவ்வொரு பெட்ச்சும் ஒன்று கொடுக்கும். பில்டரைவிடப் பெரிதாகப் பெயர்க்கல் பதிக்கும். பள்ளியில் தடுக்கி விழுந்தால் பில்டர்மேல்தான் விழ வேண்டும். எங்கள் கல்லில் என் பெயரைக் கடைசியில் போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த வருடமும் பில்டர்தான் என்று தலைவர் அஸ்ஃபர் கூட்டத்தில் சொன்னதும் ரிஸ்மி எழும்பினான். அவன் மகள் றிப்தா அங்கேதான் ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

"மச்சான், பொம்புளப் புள்ளைகள்ட டொய்லட்டுக்குக் கதவு இல்ல. என்ட மகள் ஸ்கூல் விடும் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறல்ல. போன மாசம் சலம் போற நேரம் கடுத்துக் காய்ச்சல் வந்து ஒன்ட கிளினிக்குக்குத்தானே கூட்டிட்டு வந்தேன்? கூடத் தண்ணி குடிக்கச் சொன்னாய். குடிச்சிட்டு எங்க போற?"

கேள்வி நியாயமானதுதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

"செய்யலாம்டா. ஆனா கல்லுல பேர் போடணுமே," என்றான் அஸ்ஃபர். "கக்கூஸ் செவுத்துல டொக்டர் அஸ்ஃபர் எண்டு எழுதினா நான் எப்பிடி கிளினிக் நடத்துற?"

கட்டார்காரர்கள் போனிலேயே தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். பேங்க் மரியாதை என்று எனக்கும் ஒன்று இருக்கிறதே! பெயரே போடாமல் கட்டலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. கல் இல்லாத நன்கொடையை எங்கள் ஊர் கண்டதே இல்லை.

"அப்ப என்ட பேரப் போடுங்க," என்றான் ரிஸ்மி.

"அத்தர் விக்கிறவன்டா நீ!" நான் கத்தியேவிட்டேன். "யாவாரம் படுத்துரும்!"

அவன் முகம் வெளுத்தது. இந்தக் கடையும் போனால் அவனுக்கு வேறு வழியில்லை. ஆனாலும் அவன் உட்காரவில்லை.

"போடுங்க," என்றான் மறுபடியும்.

கதவு, தண்ணீர், ஓடு எல்லாம் புதிதாகப் போட்டோம். கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் 'ரிஸ்மி மலசலகூடம்'. பில்டர் திறப்பு விழாவில் போட்டோவுக்கு முண்டியடித்த எங்கள் ஆட்கள் அன்று ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்தார்கள். அஸ்ஃபர் பலா மரத்துக்குப் பின்னால் நின்று கைதட்டினான். ரிஸ்மி ரிபன் வெட்டி, தன் கடையின் விலை உயர்ந்த அத்தரையே உள்ளே தெளித்தான். பொன்னாடையும் போர்த்தினோம்.

அடுத்த வாரம் அவன் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது றிப்தா பள்ளி விட்டு வந்தாள். முகம் உம்மென்று இருந்தது.

"வாப்பா, ஸ்கூல்ல இப்ப டொய்லட் எண்டு ஒருத்தரும் சொல்றல்ல. 'டீச்சர், ரிஸ்மிக்குப் போகவா?' எண்டுதான் கேக்குறாங்க. டீச்சரும் 'ரிஸ்மிக்குப் போய்ட்டு கெதியா வாங்க' எண்டு சொல்றாங்க."

அத்தர் வாங்க வந்திருந்த ஹாஜியார் சிரிப்பை அடக்க முடியாமல் குப்பியைக் கீழே வைத்தார். எனக்கு ரிஸ்மியின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அவன் ஒன்றுதான் கேட்டான். "நீ போனியா மகள்?"

"ரெண்டு தரம்."

"கேட்டீங்களா ஹாஜியார்?" தெருவுக்கே கேட்கும்படி கத்தினான் ரிஸ்மி. "ரெண்டு தரம் போயிருக்கா!"