17:40 ரயிலும் ஒரு டஜன் தீப்பெட்டியும்

இன்று சாத்தூர் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, நிதானமாக இரண்டாவது வடைக்குச் சொன்னேன். டிக்கெட்டில் 17:40 என்று இருந்தது. பத்தைக் கழித்து, ஏழு நாற்பதுக்குத்தானே ரயில் என்ற நினைப்பு.

தீப்பெட்டி கம்பெனியில் வேலை முடித்து வந்திருந்த ஓர் அக்கா டிக்கெட்டை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, பதினேழு தீப்பெட்டி இருக்குன்னு வைங்க. ஒரு டஜன் கட்டு போட்டா மிச்சம் எம்புட்டு?"

"அஞ்சு."

"அப்ப ரயிலு அஞ்சு நாப்பதுக்கு. இப்பவே அஞ்சரை ஆச்சு. ஓடுங்கண்ணே!"

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்ன வேலை பாக்கீக?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"தமிழ் வாத்தியார்!" என்று கத்திவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

என்னிடம் கணக்குப் படித்தவர்கள் சாத்தூரில் யாராவது இருந்தால், தயவுசெய்து அந்த அக்காவிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.